தூங்குகிறவர்களுக்கு நடுவே நாலாங்கிளாஸ்

சொரிமுத்துவுக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமல் அவனால் இருக்க முடியாது. சோடா பாட்டிலுக்குள் கோலிக்குண்டு எப்படிப் போனது? கரண்டு ரயிலுக்கு மேலே போகிற கம்பியில் உட்காரும் காக்கா ஏன் சாவதில்லை? இரானிக்காரர்கள் டீக்கடையை ஏன் எப்போதும் தெருமுனையிலேயே போடுகிறார்கள்? கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை. பதில் வருகிறவரைக்கும் அங்கேயே நிற்பான். ஊரில் அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாமா, ஒங்க சேவலுக்கு ஏன் ஒத்தக் கண்ணு?" என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டுவைத்தான். பேச்சு சேவற்சண்டைக்குப் போய், அங்கிருந்து ஒரு போலீஸ் கேஸுக்குப் போய், கடைசியில் காப்பி கூடக் குடிக்காமல் எழுந்து வர வேண்டியதாயிற்று.

அவன் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை என்பதுதான் காரணம். பதினெட்டு வயதில் பம்பாய்க்கு ரயிலேறி, பீடிக்கடையில் கொஞ்ச காலம், தோல் கிடங்கில் கொஞ்ச காலம் என்று உருண்டு, ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டுகிறவனாக நிலைத்தான். எப்போதும் ராத்திரி ஷிப்டு. அறுபத்து நாலாம் வருஷம் இந்தக் கதை நடக்கும்போது அவனுக்கு முப்பது வயது ஆகவில்லை.

தாராவியில் அவன் இருந்த அறையை ஊர் ரூம் என்பார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த ஒற்றை அறை. நீளமாக இருக்கும், அவ்வளவுதான் அதற்கு இருந்த பெருமை. பகல் ஷிப்டுக்காரன் எழுந்துபோன பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். மனுஷர்களுக்கு ஓய்வு உண்டு, பாய்க்குக் கிடையாது. சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஒரு பை, பைக்கு ஒரு ஆள். அந்த ரூமில் சட்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: தூங்குகிறவனை எழுப்பக்கூடாது. ரூமுக்குப் பெரியவர் நயினார் அண்ணாச்சி. பகலில் வாசல் பக்கம் யாராவது உரக்கப் பேசினால் செருப்பைத் தூக்கிக் காட்டுவார். அதையும் சத்தமில்லாமல் செய்வார்.

சொரிமுத்துவின் தூக்கம் மட்டும் தலைகீழ் தூக்கம். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாகத் தடதடக்கிற இடத்தில் அவனுக்குக் கண் சொருகும். அமைதியான ரூமுக்குள் யாராவது இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் போதும், தூக்கம் போய்விடும். என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டுமே.

அவன் கேள்விகளில் மூத்த கேள்வி ஒன்று உண்டு. தினமும் காலையில் வேலை முடிந்து வரும்போது ஒரு பெரிய ஓடையைத் தாண்டி வருவான். மாஹிம் பக்கத்தில் கடல் உள்ளே நுழைந்து கிடக்கிற காடியில் போய்ச் சேருகிற ஓடை அது. ஒரு நாள் தண்ணீர் கடலைப் பார்த்துப் போகும். நாலு நாள் கழித்துப் பார்த்தால், அதே நேரத்தில், கடலிலிருந்து ஊரைப் பார்த்து வரும். ஓடை எங்கேயாவது திரும்பி ஓடுமா? கேட்காத ஆளில்லை. தோல் கிடங்குக்காரர்கள், "அது அப்படித்தாம்ல" என்றார்கள். ஒரு மீன்காரர் சிரித்துவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை இறங்கும் என்று மட்டும் சொன்னார். நயினார் அண்ணாச்சி, "அதுக்குப் பேரு ஓதம்" என்றார். பேர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அந்த ஓடையின் கரையில்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. பலகை அடித்து, தகரம் வேய்ந்த நாலு அறை. தோல் பதனிடுகிறவர்கள், இட்லி விற்கிறவர்கள், மில் தொழிலாளிகள் என்று எல்லோருடைய பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டிய நேரமும் கடல் ஏறிய நேரமும் ஒன்றாகிவிட்டது. மேலே இருந்து வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை, கீழே இருந்து வந்த தண்ணீருக்குத் திரும்ப மனமில்லை. நடுவில் நின்ற பள்ளிக்கூடம் முழங்கால் மடங்கின மாதிரி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். கரும்பலகை ஒன்று மிதந்துபோய் ஒரு தோல் கிடங்கு வாசலில் ஒதுங்கிக் கிடந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் ஜெயினுலாப்தீன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பள்ளிக்கூடம் ஒரு வாரம் மூடினால் பிள்ளைகள் இட்லிக் கூடையைத் தூக்கப் போய்விடுவார்கள், பிறகு திரும்பி வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பைப் பள்ளிவாசல் வராந்தா ஏற்றுக்கொண்டது. இரண்டாம் வகுப்பு பிள்ளையார் கோயில் பஜனைக் கூடத்துக்குப் போனது. மூன்றாம் வகுப்புக்கு ஒரு தோல் கிடங்கின் மச்சு கிடைத்தது. அங்கே பிள்ளைகள் கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து மூக்கில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். நாலாம் வகுப்புக்குத்தான் இடம் அகப்படவில்லை. கடைசியில் சார் ஊர் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"நயினார், மத்த மூணு கிளாஸுக்கும் எடம் கெடச்சிட்டு. நாலாங்கிளாஸுதான் தெருவுல நிக்கி" என்றார்.

"சார், பகல்ல இங்க ஆளுக தூங்குதாவளே."

"தெரியும். அதுனாலதான் இங்கன கடைசியா வந்தேன்."

நயினார் அண்ணாச்சி ரூமைத் திரும்பிப் பார்த்தார். ராத்திரி ஷிப்டு ஆட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். அதில் ஒரு போர்வை மட்டும் பேச்சு நடக்கிற பக்கமாகக் கொஞ்சம் உயர்ந்து இருந்தது. அது யார் போர்வை என்று சொல்லத் தேவையில்லை.

"பிள்ளைக வரட்டும். சத்தம் மட்டும் வரப்படாது" என்றார் அண்ணாச்சி.

நாலாம் வகுப்பு டீச்சர் சண்முகவடிவு. வடாலாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. ஆண்கள் படுத்துக் கிடக்கிற ரூமுக்குள் ஒரு பெண்பிள்ளை போய்ப் பாடம் நடத்துவது என்றால் சும்மாவா? அவள் வாசற்படியில் நின்றுகொண்டே மூன்று நிபந்தனை போட்டாள். நடுவில் திரை கட்ட வேண்டும். தூங்குகிறவர்கள் சுவரைப் பார்த்துத்தான் படுக்க வேண்டும். முழித்திருக்கிற ஆம்பளை ஒருத்தர் கூட உள்ளே இருக்கக்கூடாது.

"கொறட்டை விடக் கூடாதுன்னு நான் சொல்லல. அது அவங்க கையில இல்ல" என்று அவளே பெரிய மனது பண்ணி ஒன்றை விட்டுக்கொடுத்தாள்.

பிள்ளைகளின் அம்மாக்கள் பழைய சேலைகளைத் தைத்துத் திரை கட்டினார்கள். மறுநாளிலிருந்து திரைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தூங்கினார்கள், இந்தப் பக்கம் நாலாம் வகுப்பு படித்தது. எல்லாமே குசுகுசுதான். டீச்சர் குசுகுசுவென்று கேட்பாள், பிள்ளைகள் குசுகுசுவென்று சொல்லும். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது உலையில் சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, தெருவில் சிரித்துவிட்டு உள்ளே வரவேண்டும். தும்மலுக்கும் அதே சட்டம். ஒரு வாரத்தில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சிலேட்டுக் குச்சியைக் கூடக் கிறீச்சிடாமல் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

ரூமில் எல்லோரும் தூங்கினார்கள், சொரிமுத்துவைத் தவிர.

சத்தமாகப் பாடம் நடத்தியிருந்தால் அவனும் தூங்கியிருப்பான். குசுகுசுவென்று நடத்தினால் எப்படித் தூங்குவான்? சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, காதை மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தான். இடிக்கு முன்னால் மின்னல் ஏன் தெரிகிறது என்று ஒரு நாள். எறும்பு வரிசையாகப் போவதற்கு என்ன காரணம் என்று ஒரு நாள். இவ்வளவு வருஷமாக அவன் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விகளை, அரைக்கால் டவுசர் போட்ட பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. அழுதால் மூக்கை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சினால் சத்தம் கேட்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டான்.

பகல் தூக்கம் போனால் ராத்திரி வேலை என்ன ஆகும்? தறி முன்னால் நின்றபடியே தூங்கினான். ஒரு முறை நூல் அறுந்து, துணி பாழாகி, தறிகளை மேற்பார்க்கிற முக்காதம் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் முழித்தான். "இன்னொரு வாட்டி பாத்தேன்னா ஒன் தறி பத்லிக்குப் போயிரும்" என்று முக்காதம் சொல்லிவிட்டார். ஆள் வராத தறிக்கு மாற்றாள் வேலை கிடைக்குமா என்று தினமும் மில் வாசலில் போய் நிற்கிறவன்தான் பத்லி. ரூமிலேயே அப்படி ஒருவன் இருந்தான், தளவாய் என்று பெயர். தன் தறி போனால் அது தளவாய்க்குத்தான் போகும் என்று சொரிமுத்துவுக்குத் தெரியும். தளவாய்க்கும் தெரியும். பாவம், அவன்தான் தினமும் இவனைக் கெஞ்சினான்.

"தூங்கும் வே. ஒம்ம வேலையைப் புடுங்கித் திங்க எனக்கு இஷ்டமில்ல" என்றான்.

சொரிமுத்து மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து காதில் அடைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஆகும். இப்போது என்ன பாடம் ஓடுகிறதோ என்று தோன்றும். ஒரு காதுப் பஞ்சை எடுப்பான். பிறகு அந்தக் காதுக்குத் துணையாக மற்றதையும் எடுத்துவிடுவான்.

சதுர்த்திப் பிள்ளையாரைக் கடலில் கரைத்த மறுவாரம் அது நடந்தது. டீச்சர் பம்பாய் நகரத்தைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். தீவுகள், துறைமுகம் எல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம பள்ளிக்கூடத்த சாய்ச்சதே அந்தத் தண்ணிதான்" என்று குசுகுசுத்தாள். "கடல் ஏறுது, இறங்குது. அது தானா ஏறல. அத ஒருத்தர் புடிச்சு இழுக்கிறார். யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

அது சொரிமுத்துவின் மூத்த கேள்வி அல்லவா? வெளியே வந்து டீச்சர் காலில் விழலாமா என்றுகூட இருந்தது. ஆனால் முந்தின நாள் ஒரு ஆள் வராமல் போக, அவன் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். டீச்சர் பதிலுக்காகக் காத்திருந்த அந்தச் சின்ன இடைவெளியில், இத்தனை நாள் வராத தூக்கம் வந்து அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது. முழித்தபோது திரைக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. கரும்பலகையையும் துடைத்திருந்தார்கள்.

யார் இழுக்கிறார்? டீச்சரைக் கேட்க முடியாது. கேட்டால் முழித்துக் கிடந்தது தெரிந்துபோகும், அவள் அடுத்த பஸ்ஸில் வடாலாவுக்குப் போய்விடுவாள், வகுப்பு தெருவுக்கு வந்துவிடும். சரி, பிள்ளைகளிடம் கேட்கலாம் என்று தண்ணீர்க் குழாயடியில் நின்ற மதீனாவை மெல்ல நெருங்கினான். நாலாம் வகுப்பில் படிக்கிற சுட்டி அவள்.

"ஏ புள்ள, இந்தக் காடித் தண்ணியை யாரு இழுக்காவ?"

மதீனா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, அன்னைக்கி முழிச்சிக்கிட்டா கெடந்திய?"

"சே சே, நானா? நல்லா ஒறங்கிட்டேம்லா" என்று சொல்லிக்கொண்டே சொரிமுத்து தெருவைத் தாண்டி ஓடினான். அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. ஓடைக்கரையில் மட்டும் தினமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

தீபாவளிக்கு முன்னால் ஜெயினுலாப்தீன் சார் முகம் வெளுத்துப்போய் வந்தார். இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிறார். வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன என்று அவர் சொன்னால்தான் பள்ளிக்கூடம் நிற்கும். இல்லையென்றால் பிள்ளைகளைப் பிரித்து, அங்கங்கே இருக்கிற மராத்தி, இந்திப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்கள் குடியிருக்கிற இடத்தில் வகுப்பு நடத்தக்கூடாது என்று விதி வேறு இருந்தது.

"ஒரே ஒரு நாள் ரூம காலி பண்ணித் தாங்க நயினார். பாய், பை, ஆளு, ஒண்ணும் கண்ணுல படக்கூடாது" என்றார் சார்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு விடிவதற்குள் தாராவியே எழுந்துவிட்டது போலிருந்தது. பெட்டிகளையும் பைகளையும் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் அடுக்கினார்கள். அம்மாக்கள் வந்து தரையைக் கழுவினார்கள். தோல் கிடங்கு முதலாளி ஒரு உலக உருண்டையை எங்கிருந்தோ வாங்கிவந்தார். ஆணிகளை மறைக்க அந்த இடங்களில் பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார்கள். ஆணி நிறைய இருந்ததால் படமும் நிறைய வேண்டியிருந்தது. மாம்பழமே பதினைந்துக்கு மேல் தொங்கியது.

வேலை முடிந்து கண்ணெல்லாம் சிவக்க வந்த சொரிமுத்துவுக்குப் பாயும் இல்லை, ரூமும் இல்லை. மற்ற ராத்திரி ஷிப்டு ஆட்கள் பூங்காப் புல்லில் படுக்கலாம் என்று மாட்டுங்கா பக்கம் நடந்தார்கள். "நீரும் வாரும்வே. இன்னைக்கி ஒறங்கலன்னா ராத்திரி மாட்டிக்கிடுவீரு" என்று தளவாய் கையைப் பிடித்து இழுத்தான். சொரிமுத்து வரவில்லை. இன்ஸ்பெக்டர் என்ன கேள்வி கேட்பார் என்று தெரிந்துகொள்ளாமல் அவன் எப்படிப் போவான்? ரூமின் பின்பக்கச் சன்னலுக்குக் கீழே ஒரு கைவண்டி நின்றது. அதில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் நம்பிராஜன் மாட்டுங்காக்காரர். கோட்டும் குடையுமாக உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உதடு அசைந்தது, அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வணக்கம் சார், வாங்க" என்றாள் சண்முகவடிவு. அதுவும் குசுகுசுதான்.

"என்ன டீச்சர், தொண்டை கட்டிடுத்தா?" என்றார் அவர்.

மூன்று மாதப் பழக்கம். யாரும் அதை யோசிக்கவே இல்லை. தரையைக் கழுவினார்கள், ஆணியை மறைத்தார்கள், ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். பிள்ளைகளின் தொண்டையைத் திறந்துவைக்க மட்டும் மறந்துபோனார்கள். அந்த ரூமுக்குள் கால் வைத்தாலே குரல் தானாக உள்ளே போய் ஒளிந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் ஒரு பையனை எழுப்பிப் புத்தகம் வாசிக்கச் சொன்னார். புகை மாதிரி ஏதோ வந்தது. "உரக்கப் படி" என்றார். பையன் வாயைப் பெரிதாகத் திறந்தான், சத்தம் அதே அளவில்தான் இருந்தது. மதீனாவிடம் வாய்ப்பாடு கேட்டார். அவள் திரை இருந்த பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள்.  சத்தமாகச் சொல்லுங்கள் என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சைகை காட்டினாள். அதைக்கூட வாயால் சொல்ல வரவில்லை.

நம்பிராஜன் குடையை எடுத்துக்கொண்டார். "ஹெட்மாஸ்டர், நான் எத்தனையோ கிளாஸ் பாத்தாச்சு. பாடம் தெரியாத குழந்தைகள்தான் இப்படி முணுமுணுக்கும். இவாளுக்கு ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. வேற பள்ளிக்கூடத்துக்குப் பிரிச்சு அனுப்பிடறதுதான் இவாளுக்கே நல்லது."



கைவண்டியில் கிடந்த சொரிமுத்து எழுந்து உட்கார்ந்தான். தெரியாதா? இந்தப் பிள்ளைகளுக்கா? மின்னலும் தெரியும், எறும்பும் தெரியும், கடலை யார் இழுக்கிறார் என்பது வரைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதது கூட அதுகளுக்குத் தெரியும். வண்டிமேல் ஏறி நின்று, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின குரலில் கத்தினான்.

"ஏ பிள்ளைகளா, உள்ள ஒருத்தரும் ஒறங்கல! எல்லாரும் வெளியதான் இருக்கோம்! சத்தமாப் படிங்க!"

முதலில் மதீனாதான் ஆரம்பித்தாள். ஏழாம் வாய்ப்பாட்டை எட்டுக் கட்டையில் எடுத்தாள். பின்னாலேயே மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த சத்தம் அது. கூரைத் தகரம் அதிர்ந்தது, மாம்பழப் படம் ஒன்று கீழே விழுந்து ஆணி தெரிந்தது. தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று வாசலில் கூடிவிட்டார்கள்.

நம்பிராஜன் ஆணியைப் பார்த்தார். இன்னொரு படத்தைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் ஆணி. பிறகு சன்னலைப் பார்த்தார்.

"யாருய்யா நீ?"

"இங்கன ஒறங்குத ஆளு, சார்."

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? நயினார் அண்ணாச்சி எல்லாவற்றையும் சொன்னார். மழை, பலகை, திரை, குசுகுசு என்று ஒன்று விடாமல் இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு விஷயம்தான் புரியவில்லை.

"கிளாஸ் நடக்கறப்போ பக்கத்துலயே இவ்வளவு பேர் தூங்கினேளா?" என்று சன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"அவுக எல்லாம் ஒறங்குனாவ, சார்." சொரிமுத்து தலையைத் தொங்கப்போட்டான். "நான் ஒறங்கல. பாடம் கேட்டுட்டுக் கெடந்தேன். டீச்சர் மன்னிக்கணும்."

சண்முகவடிவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனை நாளா?" என்றாள். இப்போது அவள் குரல் நன்றாகவே கேட்டது.

"மொதல் நாள்ல இருந்தே. ஒரு நாளு மட்டும் ஒறங்கிட்டேன் டீச்சர். கடல யாரோ இழுக்காவன்னு சொன்னிய, அவுக யாருன்னு சொல்லுததுக்குள்ள கண்ணு சொருகிட்டு. அதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"மாமாவுக்குச் சொல்லுங்க. யாரு?"

"சந்திரன்!" என்று மொத்த வகுப்பும் சன்னலைப் பார்த்துக் கத்தியது. பிறகு ஆளாளுக்கு எழுந்து சொல்ல ஆரம்பித்தார்கள். சந்திரன் எப்படி இழுக்கிறது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏன் தண்ணீர் அதிகம் ஏறுகிறது, தினமும் ஏன் நேரம் தள்ளிப் போகிறது என்று அடுத்தடுத்து வந்தது. மதீனா தோல் கிடங்கு முதலாளியின் உலக உருண்டையைக் கையில் தூக்கிக்கொண்டு சன்னலடிக்கே வந்துவிட்டாள். பாடம் தெரியாத பிள்ளைகள் என்று நம்பிராஜன் பிறகு சொல்லவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொரிமுத்து கம்பியைப் பிடித்தபடியே நின்றான். இத்தனை வருஷக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ராத்திரி வானத்தில் சும்மா கிடக்கிறது என்று நினைத்தானே, அது இந்த ஓடைத் தண்ணீர் வரைக்கும் கை நீட்டுகிறது.  அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சொரிமுத்து எங்கே நிறுத்துவான்?

"டீச்சர், சந்திரன் ஒரு நாளைக்கி ஒரு தடவதான தலைக்கு மேல வருது. தண்ணி ரெண்டு தடவ ஏறுதே. ரெண்டாவது தடவ யாரு இழுக்கா?"

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் குடையைப் பார்த்தார்.

"அது அஞ்சாங்கிளாஸ் பாடம்" என்றாள் சண்முகவடிவு, யோசிக்காமல்.

"அப்போ அஞ்சாங்கிளாஸ் எப்ப வரும்?" என்றான் சொரிமுத்து. அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ரொம்ப தூரம் போக வேண்டும், பெண்பிள்ளைகள் போகமாட்டார்கள். வாசலில் நின்றிருந்த மதீனாவின் அத்தா அபுதாஹிர், "அதச் சொல்லுங்க சார், எப்ப வரும்?" என்று தானும் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள்.

நம்பிராஜன் குடையை எடுத்துக்கொண்டார். "முதல்ல கூரையைப் போடுங்கோ. அப்புறம் அஞ்சாங்கிளாஸைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் கிளாஸ் இங்கேயே நடக்கட்டும். ஆனா கிளாஸ் நேரத்துல ஒருத்தரும் தூங்கப்படாது, முழிச்சுண்டும் படுத்திருக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி வார்த்தையைச் சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அன்று ராத்திரி சொரிமுத்து மில்லுக்குப் போகவில்லை. நிற்கவே முடியாதவன் தறிக்கு முன்னால் போய் என்ன செய்வது? தளவாய் முன்கூட்டியே போய் முக்காதத்திடம் சொல்லி அவன் தறியில் நின்றான். விடிந்ததும் வந்து, "ஒம்ம தறி பத்திரமா இருக்கு, நாளைக்கி வந்து எடுத்துக்கிடும்" என்றான்.

ராத்திரி ஷிப்டு ஆட்களுக்குப் படுக்க இடம்? அதைப் பிள்ளைகளின் வீடுகள் பார்த்துக்கொண்டன. நாலாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீடும் பகலில் ஒரு ஆளைத் தூங்கவைக்க ஏற்றுக்கொண்டது. சொரிமுத்துவுக்கு அபுதாஹிர் வீட்டு முன்னறை அமைந்தது. அங்கே மதீனாவின் அம்மா நாள் முழுக்கத் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பாள். "சத்தம் தொந்தரவா இருக்கா தம்பி?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அவன் தூங்கியிருப்பான். தறியில் பிறகு அவன் கண் சொருகவே இல்லை.

கூரை வேலையும் ஓயாமல் நடந்தது. பகல் ஷிப்டுக்காரர்கள் சாயங்காலமும், ராத்திரி ஷிப்டுக்காரர்கள் காலையிலும் வேலை செய்தார்கள். இந்தத் தடவை பள்ளிக்கூடத்தைக் கருங்கல் மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். மேடு எவ்வளவு உயரம் என்று பேச்சு வந்தபோது, அமாவாசைக்குத் தண்ணீர் எதுவரைக்கும் ஏறும் என்று பிள்ளைகள் குறித்துக்கொடுத்தார்கள். பொங்கலுக்கு நாலு வகுப்பும் வீடு திரும்பின. அறை ஐந்தாகக் கட்டியிருந்தார்கள். அடுத்த ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்பு வந்தது, அதற்கு டீச்சராகச் சண்முகவடிவே போனாள்.

இடையில் அவள் மாட்டுங்காவில் ஒரு காலேஜ் புரொபசரைப் பிடித்து அந்த இரண்டாவது ஏற்றத்துக்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தப் பாடம் வருகிற நாளை மதீனா முந்தின நாளே வந்து சொரிமுத்துவிடம் சொல்லிவிட்டாள். "டீச்சர் ஒங்கள உள்ள வந்து ஒக்காரச் சொன்னாங்க மாமா. சன்னல்ல நிக்க வேணாமாம்."

ராத்திரி வேலை முடிந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சொரிமுத்து ஐந்தாம் வகுப்பின் கடைசி வரிசையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தான். முன்னால் உட்கார்ந்த பையனுக்கு அவன் முழங்கால் முதுகில் இடித்தது. டீச்சர் உலக உருண்டையை மேஜையில் வைத்து, நல்ல கணீர்க் குரலில் ஆரம்பித்தாள். பிள்ளைகளும் கணீரென்று பதில் சொன்னார்கள். பக்கத்து நாலு வகுப்பிலிருந்தும் வாய்ப்பாடும் பாட்டும் சேர்ந்து இரைந்தது. மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. கண் சொருகியது. எவ்வளவோ பார்த்தான், தொடையைக் கிள்ளிக்கொண்டான், முடியவில்லை. தலை தொங்கிவிட்டது.

அதை முதலில் பார்த்தது மதீனா. டீச்சரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். சண்முகவடிவு திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தூங்குகிற ஆளைப் பார்த்ததும் அவள் குரல் தானாகக் கீழே இறங்கியது. பிள்ளைகளின் குரலும் இறங்கியது. பாடம் நிற்கவில்லை. ஊர் ரூமில் நடந்த மாதிரியே குசுகுசுவென்று நடந்தது.

"சந்திரன் தன் பக்கத்துத் தண்ணிய அதிகமா இழுக்குது" என்று டீச்சர் குசுகுசுத்தாள். "நடுவுல இருக்கிற பூமிய அதைவிடக் கொறச்சலா இழுக்குது. அந்தப் பக்கத்துத் தண்ணிய அதவிடக் கொறச்சலா. அதுனால அந்தப் பக்கத்துத் தண்ணி பின்தங்கி நின்னுடுது. அதுதான் ரெண்டாவது மேடு."

குசுகுசு காதில் விழுந்ததும் சொரிமுத்துவின் தலை நிமிர்ந்துவிட்டது. யாரோ என்னவோ பேசுகிறார்கள், என்னவென்று தெரிந்தாக வேண்டும். முழுக்க முழித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். ஒரு பக்கம் இழுத்த தண்ணீர், இன்னொரு பக்கம் பின்தங்கின தண்ணீர், நடுவில் சுற்றுகிற பூமி. இரண்டு தடவைக்கும் கணக்கு சரியாக வந்துவிட்டது.

டீச்சர் அவனைப் பார்த்தாள். "கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுது டீச்சர்." அவன் எழுந்து நின்று, பிள்ளைகள் செய்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டான். "ஒரு சந்தேகம்."